தனியே ஃப்ளை ஃபிஷிங் செல்பவர் தன் பயணத்தைத் தானே படமெடுப்பது எப்படி: தீர்த்தன் ஆற்றை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பூச்சியைப்போலக் கட்டிய ‘ஃப்ளை’ என்னும் போலி இரையை வீசி மீன்பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் இரண்டு கைகளுக்கும் ஓயாத வேலை உண்டு. ஒரு கை கோலை வீசிக்கொண்டிருக்கும்போது மற்றொரு கை தூண்டில் கயிறான லைனை இழுத்தும் விட்டும் அதன் இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்களோ நீர்ப்பரப்பில் மிதந்துவரும் சிறிய ஃப்ளையைவிட்டு அகலக் கூடாது. இந்த நிலையில் கேமராவையும் ஒருவரே இயக்க முற்பட்டால் மீனும் கிடைக்காது, படமும் தேறாது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளையும் செய்ய முயலாமல், நாளைக் கோலுக்கான நேரம் என்றும் கேமராவுக்கான நேரம் என்றும் பிரித்துக்கொள்வதுதான் இவ்வழிகாட்டியின் அடிப்படை. இரண்டுக்கும் இடையில் எதிர்பாராமல் நிகழ்பவற்றைப் பிடிக்க மார்பில் மாட்டிய ஒரு சிறிய கேமரா போதும்.

எடுத்துக்காட்டுக்கு இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். நீலகிரியிலும் மூணாற்றிலும் ட்ரவுட் மீன்கள் உண்டு என்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியும். எனினும் தனியாகச் சென்று உரிமம் பெற்றுச் சில நாள்கள் தங்கித் தூண்டிலிட தீர்த்தன் பள்ளத்தாக்கு வசதியானது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் குல்லு பகுதியின் ஆறுகளில் விடப்பட்ட பழுப்பு ட்ரவுட், இன்று இந்த ஆற்றில் தானாகவே இனம்பெருக்கி வாழ்கிறது. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட பெரும் இமாலயத் தேசியப் பூங்காவிலிருந்து இறங்கிவரும் ஆறு என்பதால், வெயில் நாள்களில் அதன் நீர் அடிக்கல் தெரியுமளவு தெளிந்திருக்கும். படமெடுப்பவருக்கு இதுவே பெரிய வாய்ப்பு. அதே தெளிவால் மீனும் நம்மை எளிதில் கண்டுகொள்ளும் என்பது பெரிய இடர்ப்பாடு.

புறப்படுவதற்கு முன்

இமாச்சலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை ட்ரவுட் இனப்பெருக்கக் காலம் என்பதால் மீன்பிடிக்கத் தடை உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பருவமழையால் நீர் கலங்கிப் பெருகும். எனவே தூண்டிலுக்கும் கேமராவுக்கும் ஒருசேர உகந்தவை மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களும், மழை ஓய்ந்த பின் வரும் செப்டம்பர் இறுதியும் அக்டோபரும்தான். மாநில மீன்வளத் துறையின் உரிமத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காவின் எல்லைக்குள் படப்பிடிப்புக் கருவிகளோடு செல்ல எண்ணினால் வனத்துறையிடம் தனி அனுமதி தேவைப்படும். ட்ரோனைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் 250 கிராமுக்கு உட்பட்ட சிறிய கருவிகளுக்குச் சில சலுகைகளை அளித்தாலும், அவற்றைக் காட்டுயிர்க் காப்பிடங்களின் மேல் பறக்கவிடலாம் என்று பொருளில்லை. தனியாகச் செல்பவர் ட்ரோனைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரே ஆளாக அதை இயக்குவதற்கு ஆகும் நேரத்தில் ஒரு முழு மடுவையும் நிதானமாகத் தூண்டிலிட்டுப் பார்த்துவிடலாம். தவிர, குறுகிய பள்ளத்தாக்கில் அதன் இரைச்சல் கரையோர வீடுகளில் இருப்பவர்களின் அமைதியையும் கெடுக்கும்.

கருவிகளின் எண்ணிக்கையை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலாவது, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஒன்றும் அதற்கு 24 முதல் 70 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸும். இரண்டாவது, நீர்புகாத ஆக்‌ஷன் கேமரா. மூன்றாவது, ஏற்கெனவே கையிலுள்ள கைபேசி. ட்ரைபாட் ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் நாள் முழுவதும் சுமக்க இயலும். ஆனால் இலகுவான ட்ரைபாடைக் காற்றும் நீரோட்டமும் எளிதில் சாய்த்துவிடும் என்பதால், அதன் நடுக்கொக்கியில் கற்களை நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிடப் பழகிக்கொள்ள வேண்டும். நீர்புகாப் பை, லென்ஸ் துடைக்கும் துணிகள் நான்கைந்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், கூடுதல் பேட்டரிகள் ஆகியவை துணைப்பொருள்கள். அதிகாலைக் குளிரில் லித்தியம் பேட்டரிகள் வழக்கத்தைவிட விரைவாகத் திறன் இழக்கும். ஆகவே அவற்றைப் பையில் போடாமல் உடலோடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

இவற்றோடு கட்டாயம் வாங்க வேண்டிய ஒன்று வட்டத் துருவமாக்கி ஃபில்டர். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் பெரும்பகுதி ஒரே தளத்தில் அதிர்வது. ஃபில்டரைத் திருகி அந்த ஒளியைத் தடுத்தால் பளபளப்பு மறைந்து, ஆற்றின் அடியிலுள்ள கற்களும் அங்கே நிற்கும் மீனும் தெரியத் தொடங்கும். நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது இதன் பயன் உச்சமாக இருக்கும். ஆகவே கேமராவை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தும் பயன் மாறும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) என்பதையும் நினைவில் வையுங்கள். அணிந்திருக்கும் துருவக் கண்ணாடியின் வழியாகவே கேமராத் திரையைப் பார்த்தால் சில கோணங்களில் திரை முழுவதும் கறுத்துத் தோன்றும். கேமரா பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

முதல் படி: ஆற்றைப் படித்து, மீனுக்குத் தெரியாமல் ட்ரைபாடை நிறுத்துதல்

தனியாகப் படமெடுப்போர் பலர் முதலில் தூண்டிலிடத் தொடங்கி, மீன் கடிக்கும் அறிகுறி தெரிந்த பிறகு கேமராவை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு மடுவை அடைந்ததும் கோலைக் கரையில் சாய்த்துவிட்டு, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, பின்னணியில் நிழல் எங்கே விழுந்திருக்கிறது, எங்கே நின்றால் லைன் மரக்கிளையில் சிக்காது ஆகியவற்றைப் பாருங்கள். சட்டகத்தை முடிவு செய்த பிறகே அதற்குள் நடந்து செல்ல வேண்டும். அழகான சட்டகம் அமையாத மடுவில் கேமராவை எடுக்காமலேயே தூண்டிலிட்டு மகிழலாம். அங்கே பெரிய மீன் கிடைத்துவிட்டால் அது உங்களுக்கும் ஆற்றுக்கும் இடையிலான செய்தியாகவே இருக்கட்டும்.

ட்ரைபாடை வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பது மீனின் பார்வை. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். எனவே மடுவுக்கு மேல்பக்கம் ஆள் நடமாடினால் உடனே கண்டுகொள்ளும். மீனின் கண்ணுக்கு, நீருக்கு மேலுள்ள உலகம் முழுவதும் ஒளிவிலகலால் சுமார் 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. நீர்ப்பரப்பை ஒட்டித் தாழ்வாக இருப்பவை அச்சாளரத்தின் விளிம்பில் நசுங்கிப்போய் ஏறத்தாழ மறைந்துவிடும். இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் கிடைக்கின்றன. ட்ரைபாடைக் கீழ்நீர்ப் பக்கத்திலோ பக்கவாட்டிலோ, கால்களை நீட்டாமல் தாழ்வாக நிறுத்த வேண்டும். முகம் தெரிய வேண்டும் என்பதற்காக மேல்நீர்ப் பக்கத்தில்தான் கேமரா இருந்தாக வேண்டும் என்றால், கரையைச் சுற்றிக் குனிந்து சென்று வைத்துவிட்டு, மடுவை 15 அல்லது 20 நிமிடம் ஓய்வாக விட வேண்டும். அந்த இடைவேளையைத் தேநீருக்கும், பின்னர் சொல்லப்போகும் சிறு காட்சிகளுக்கும் பயன்படுத்தலாம்.

வலக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் கேமரா உங்களுக்கு இடப்பக்கம் இருப்பது நல்லது. வலப்பக்கம் வைத்தால் கையும் கோலும் முகத்தை மறைக்கும். காற்று சற்றே திசைமாறினால் பின்னோக்கிப் போகும் ஃப்ளை ட்ரைபாடிலேயே கொக்கி போடும்.

இரண்டாம் படி: வீச்சின் வளையத்தைப் பிடித்தல்

ஃப்ளை ஃபிஷிங்கை மற்றெல்லாத் தூண்டில் முறைகளிலிருந்தும் கண்ணுக்கு வேறுபடுத்திக் காட்டுவது காற்றில் விரியும் அந்த லைனின் வளையம். படத்தில் அது தெளிவாகத் தெரியவில்லை என்றால் யாரோ ஒருவர் ஆற்றங்கரையில் நின்று கோலை ஆட்டுவதாக மட்டுமே பார்வையாளருக்குத் தோன்றும். வளையம் தெரிவதற்கு மூன்று காரணிகள் கூடிவர வேண்டும். கேமரா வீச்சின் தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது சரியாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வெயில் எதிர்ப்புறமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்து லைனை ஒளிரச் செய்ய வேண்டும். பின்னணி, நிழல் விழுந்த தேவதாருச் சரிவைப்போல இருண்டிருக்க வேண்டும். தீர்த்தன் பள்ளத்தாக்கின் சுவர்கள் செங்குத்தானவை என்பதால் காலையில் ஒரு கரையில் வெயில் விழுந்த பிறகும் எதிர்க்கரை நெடுநேரம் நிழலிலேயே இருக்கும். அந்தக் குறுகிய இடைவெளிதான் வளையத்துக்கான நேரம். லைன் ஆரஞ்சு அல்லது இளம்பச்சை மஞ்சள் நிறத்தில் இருந்தால் உதவும். சாம்பல் நிற லைன் மீனை ஏமாற்றலாம்; கேமராவையும் ஏமாற்றிவிடும்.

தொலைவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. முழுச்சட்டக் கேமராவில் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; அதை லென்ஸின் குவியத்தொலைவால் வகுத்து, நமக்கும் கேமராவுக்கும் உள்ள தொலைவால் பெருக்கினால் சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸை 15 மீட்டர் தொலைவில் வைத்தால் 10.8 மீட்டர் அகலம் அடங்கும். நீங்கள் ஓரத்தில் மூன்றிலொரு பங்கில் நின்றால் முன்பக்கம் விரியும் வளையத்துக்கு 7 மீட்டர் இடமிருக்கும். பின்வீச்சும் முன்வீச்சும் முழுமையாக அடங்க வேண்டும் என்று பேராசைப்பட்டு 24 மி.மீ.க்குப் போனால் அகலம் 22 மீட்டரைத் தாண்டும். அதில் மனிதர் எறும்பளவாகவும் லைன் மயிரிழையாகவும் சுருங்கிவிடுவார்கள்.

குவியத்தைத் தானியங்கியிடம் விடக் கூடாது. அலையும் நுரையும் நிறைந்த ஆற்றில் அது இடைவிடாமல் தடுமாறும். நிற்கப்போகும் இடத்தில் ஊன்றுகோலை நட்டு, அதன்மீது குவித்து, பின்னர் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். மேற்சொன்ன 50 மி.மீ. லென்ஸில் துளையை எஃப்/8 என்று வைத்து 15 மீட்டரில் குவித்தால், சுமார் 6 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாகவே இருக்கும். எனவே நீங்கள் ஓரிரு அடி முன்னும் பின்னும் நகர்ந்தாலும் கவலையில்லை.

நிழற்படத்துக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிட விரைவாகவோ இருந்தால்தான் லைனும் துளிகளும் உறைந்து நிற்கும். தன்னைத்தானே எடுப்பவருக்குக் கைபேசிவழி இயக்கும் புளூடூத் நம்பத்தக்கதன்று. பத்து மீட்டரைத் தாண்டினாலே அது துண்டிக்கப்படலாம். கேமராவிலேயே உள்ள இடைவெளிநேரப் பதிவை இயக்கி, இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று விட்டுவிட்டு நிம்மதியாக வீசுவதே சிறந்த வழி. நூறு படங்களில் ஒன்றிரண்டில் வளையம் சரியான வடிவில் விழுந்திருந்தால் போதுமானது.

காணொளிக்கு நேர்மாறான கணக்கு. நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கில் வைத்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். கடும் வெயிலில் எஃப்/8 துளையில் இது மூன்று ஸ்டாப் அளவுக்கு மிகை ஒளியைத் தரும், ஆகவே ஒளியை எட்டிலொரு பங்காகக் குறைக்கும் என்.டி. 8 ஃபில்டர் வேண்டும். வளையத்தை மெதுவாகக் காட்ட விரும்பினால் நொடிக்கு 120 சட்டகங்களில் எடுங்கள். அது 25 சட்டகங்களில் ஓடும்போது ஏறக்குறைய ஐந்து மடங்கு மெதுவாகும். வெண்ணுரையில் விவரம் எரிந்துபோகாதபடி படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைக் கவனித்து ஒளியை ஒரு படி குறைத்தே வைக்க வேண்டும்; நிழலைப் பின்னர் உயர்த்தலாம், எரிந்த வெண்மையை மீட்க முடியாது.

மூன்றாம் படி: மார்புக் கேமரா

ஆக்‌ஷன் கேமராவைத் தலையில் மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மீன் எங்கே என்று கண்கள் தேடும்போதெல்லாம் தலை திரும்புவதால் பார்வையாளருக்குக் கிறுகிறுப்புதான் மிஞ்சும். மார்பில், சற்றே மேல்நோக்கிய கோணத்தில் மாட்டினால் இரு கைகளும், கோலும், அதற்கப்பால் நீரும் நிலையான சட்டகத்தில் அமையும்.

நாள் முழுவதும் பதிவு செய்துகொண்டிருக்கவும் தேவையில்லை. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எழுதும் 4கே காணொளி மணிக்கு 45 ஜிபி நினைவகத்தை விழுங்கும். எட்டு மணி நேரத்துக்கு 360 ஜிபி. அதைவிடக் கொடுமை, அவ்வளவையும் பிறகு உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். கோப்ரோவின் ஹைண்ட்சைட் போன்ற வசதிகள் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 15 அல்லது 30 நொடிகளையும் சேர்த்துச் சேமித்துக்கொள்கின்றன. தனியாகத் தூண்டிலிடுபவருக்கென்றே வடிவமைத்ததோ என்று எண்ண வைக்கும் வசதி இது: மீன் ஃப்ளையை எடுத்து, லைன் இறுகி, கோல் வளைந்த பிறகு, மூச்சு சீரானதும் பொத்தானை அழுத்தினால் அந்தக் கடித்த கணமும் கிடைத்துவிடும். பேட்டரி விரைவில் தீரும் என்பது மட்டுமே குறை.

நான்காம் படி: மீனைப் படமெடுத்தல்

இங்கே கண்டிப்பு தேவை. 1992ஆம் ஆண்டு ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், களைக்கக் களைக்க நீந்தவைத்த வானவில் ட்ரவுட் மீன்களில் 12 விழுக்காடு இறந்தன. அதே களைப்புக்குப் பின் 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 விழுக்காடும், 60 நொடி வைக்கப்பட்டவற்றில் 72 விழுக்காடும் இறந்தன. அது ஆய்வகத்தில் எட்டப்பட்ட கடுமையான களைப்பு. எல்லா ஆற்றுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் போக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. தனியாக இருப்பவர் மீனை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் கேமராவைத் துழாவுவதற்குள் அரை நிமிடம் ஓடிவிடும்.

ஆகவே என் நடைமுறை இது. முள்ளில்லாக் கொக்கியும் ரப்பர் கண்ணியுள்ள கைவலையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மீன் வலைக்குள் வந்ததும், வலை நீருக்குள்ளேயே, ஓட்டம் மெதுவான இடத்தில் இருக்க வேண்டும். மார்புக் கேமராவைக் குரல்கட்டளைக்கோ தொடர்படத்துக்கோ மாற்றிக்கொண்டு, கைகளை நனைத்து, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்துக்குள் மீனைத் தூக்கி, நீர் சொட்டும்போதே மீண்டும் இறக்கிவிட வேண்டும். பத்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது. தூக்கும் கணத்தில் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வது நல்ல கடிகாரம். கேமரா ஆயத்தமாக இல்லையென்றால் அந்த மீனுக்குப் படம் இல்லை. நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை நெருங்கினால் தூண்டிலையே சுருட்டிவிடலாம்.

உண்மையில், தூக்கிப் பிடித்த மீனின் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. நீருக்கடியில் எடுத்தவை அப்படியல்ல. ஆக்‌ஷன் கேமராவைச் சிறு தண்டில் பொருத்தி, முழங்காலளவு நீரில் கற்களுக்கிடையே நிறுத்தி, விடுவிக்கும் மீன் அதைக் கடந்து செல்லுமாறு வலையைச் சாய்த்தால், பழுப்பு ட்ரவுட்டின் விலாவிலுள்ள செம்புள்ளிகளும் அவற்றைச் சுற்றிய வெளிர்வளையங்களும் வேறெந்தக் கோணத்திலும் கிடைக்காத தெளிவோடு தெரியும். நீங்கள் கேமராவுக்குக் கீழ்நீர்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். மேல்பக்கம் நின்றால் காலடியில் கிளம்பும் வண்டல் நேராக லென்ஸின் முன் வந்து சேரும்.

ஐந்தாம் படி: கோல் இல்லாத காட்சிகளும் ஒலியும்

ஐந்து நிமிடப் படத்தில் காட்சிக்கு ஐந்து நொடி வீதம் அறுபது காட்சிகள் தேவைப்படும். மீன் தொடர்பானவை அவற்றில் பத்துகூட இருக்காது. முடிச்சிடும் விரல்கள், ஃப்ளைப் பெட்டியின் மீது தயங்கி நகரும் கை, ஒரு கல்லைப் புரட்டி அதன் அடியில் ஒட்டியிருக்கும் மேஃப்ளைப் பூச்சியின் இளம்பருவ உயிர்களைப் பார்த்தல், பாறைமீது வாலை ஆட்டியபடி அமரும் ரெட்ஸ்டார்ட் பறவை, ஸ்லேட் கற்கள் வேய்ந்த கூரைகளின் மேல் எழும் புகை ஆகியவைதான் பார்வையாளரை அந்த ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்பவை. நண்பகலில் ஒளி கடுமையாகி மீனும் கடிக்காத நேரத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள். முன்னால் வைத்த கேமராவை நோக்கி நடந்துவந்து கடந்து செல்லும் காட்சிக்கு, திரும்பவும் நடந்துபோய்க் கேமராவை எடுத்துவர வேண்டியிருக்கும் என்பதால், அதுபோன்றவற்றை ஒரு நாளைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வது கால்களுக்கு நல்லது.

வீசும் காட்சியை மறுநாள் மீண்டும் எடுத்துச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு மீன் கடித்த காட்சியோடு வேறொரு நாளின் பெரிய மீனை ஒட்டவைப்பது பொய். ஆற்றைத் தெரிந்தவர்கள் ஒளியின் திசையிலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆற்றின் இரைச்சல் மனிதக் குரலை எளிதில் மூழ்கடிக்கும். நீரில் நின்றபடி பேசுவதைத் தவிர்த்து, பாறையின் மறைவிலோ அறைக்குத் திரும்பிய பிறகோ பேசிப் பதிவு செய்யலாம். சட்டையில் குத்தும் சிறிய மைக் என்றால் உரோமக் காற்றுறை போட்டு, வேடர்ஸ் என்னும் நீர்புகாக் கால்சட்டையின் தோள்வாரில் உரசாத இடத்தில் குத்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் அசையாமல் நின்று ஆற்றின் ஒலியை மட்டும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பாறைகளிடையே விழும் நீருக்கும் மடுவில் சுழலும் நீருக்கும் ஒலி வேறு. படத்தொகுப்பில் காட்சிகளைத் தைக்கும் நூல் அதுதான்.

ஆபத்து

2014 ஜூன் 8 அன்று, தீர்த்தன் பியாஸ் ஆற்றோடு கலக்கும் லார்ஜி என்ற ஊருக்குக் கீழே, பியாஸின் படுகையில் இறங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும் உடன்வந்த ஒருவரும், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். கேமராத் திரையைப் பார்ப்பவர் ஆற்றைப் பார்ப்பதில்லை. தனியாக இருப்பவரை எச்சரிக்க வேறு கண்களும் இல்லை. பியாஸில் அணை என்றால், தீர்த்தனில் மலையுச்சியில் பெய்யும் திடீர் மழை. நீர் நிறம் மாறினாலோ, இலைச் சருகுகள் கூட்டமாக மிதந்து வந்தாலோ, அடியில் கற்கள் உருளும் ஒலி கேட்டாலோ உடனே கரையேறுங்கள். ட்ரைபாட் எதிர்க்கரையில் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். நீரைக் கடக்கும்போது கேமரா பைக்குள்ளும் ஊன்றுகோல் கையிலும் இருக்க வேண்டும். வேடர்ஸின் இடுப்புவார் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் கைபேசி அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், எந்தப் பகுதியில் இறங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்கியிருக்கும் வீட்டாரிடம் சொல்லிவிட்டே புறப்படுங்கள்.

மாலையில்

குளிர்ந்த கேமராவைப் புகைச்சூடேறிய அறைக்குள் திறந்தால் லென்ஸின் உள்ளே ஈரம் படியும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் விட்டுவைத்துப் பின்னர் திறக்க வேண்டும். அன்றைய பதிவுகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுத்த பின்னரே அட்டையை அழிக்க வேண்டும். எந்தக் காட்சி எந்த மடு, எத்தனை மணி, என்ன ஃப்ளை என்று சில வரிகளைக் குறித்துவைத்தால் மாதங்கள் கழித்துத் தொகுக்கும்போது குழப்பமிராது.

வெளியிடும்போது ஆற்றின் பெயரைச் சொல்லலாம். மடுவைச் சொல்ல வேண்டாம். கைபேசியும் பல கேமராக்களும் படக்கோப்பினுள் இடத்தின் ஆயத்தொலைகளைப் பதிந்துவைக்கின்றன என்பதால், ஏற்றுவதற்கு முன் அவற்றை நீக்குங்கள். அடையாளம் காட்டும் பாலமோ கோயிலோ பின்னணியில் இருந்தால் அந்தக் காட்சியைச் சற்று நெருக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள்.